வாரம் ஒரு மாத்திரை... பின்னால் ஒரு சென்னை மாணவர்! முடக்குவாத மருந்தும் சுப்பாராவின் மறக்கப்பட்ட வாழ்க்கையும்

முடக்குவாதத்துக்குச் சிகிச்சை எடுப்பவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவரது மருந்துச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் மெத்தோட்ரெக்சேட் என்ற பெயர் இருக்கும். தினமும் போடும் மாத்திரை கிடையாது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதப்பட்டிருக்கும்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது ஒரு விசித்திரமான ஜோடி. முதல் மாத்திரை, உடலில் ஃபோலிக் ஆசிட் செய்யும் வேலையைத் தடுக்கும். இரண்டாவது மாத்திரையோ அதே ஃபோலிக் ஆசிட். ஒன்று பூட்டு, இன்னொன்று சாவி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பூட்டு, சாவி இரண்டுமே அமெரிக்காவில் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை. அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர். பெயர் எல்லப்ரகடா சுப்பாராவ்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லும் சக்திக்காக நம்பியிருக்கும் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டறிந்தவர்களில் அவரும் ஒருவர். இவ்வளவு செய்தும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. யார் இந்த சுப்பாராவ்? செல்லுக்குள் நடக்கும் சமையலுக்கும், நம் நோய் எதிர்ப்புப் படை நம்மையே தாக்கும் நோய்களுக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்ப்போம்.

வாழைப்பழம் விற்க காசிக்கு ஓடிய சிறுவன்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ம் தேதி, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். இப்போது அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. ஏழு குழந்தைகளில் இவர் நான்காவது. அப்பா அரசு வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டதால் சீக்கிரமே வேலையை விட வேண்டி வந்தது. குடும்பத்தில் பணக் கஷ்டம்.

படிப்பில் சுப்பாராவுக்கு மனம் ஒட்டவில்லை. பதின்வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். காசிக்குப் போய், யாத்திரை வரும் பக்தர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவதுதான் திட்டம்! தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவரது அம்மா மட்டும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்: பையன் படித்தே ஆக வேண்டும்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முயற்சியில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து தேறினார். அடுத்தது மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிடலாம் என்று ஆசை வந்தது. அம்மா சம்மதிக்கவில்லை. கடைசியில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கான செலவில் உதவியவர் அவருடைய மாமனார்.

கதர் உடையும் கைநழுவிய பட்டமும்

அது சுதந்திரப் போராட்டம் சூடுபிடித்த காலம். அந்நியப் பொருட்களைப் புறக்கணிக்கச் சொன்னார் காந்தி. மாணவர் சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதர் உடை அணிந்து வந்துவிட்டார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை.

விளைவு? எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், அவருக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த மதிப்புள்ள எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டுமே தரப்பட்டது. இந்த ஒரு காகிதம் பின்னால் வாழ்க்கை முழுக்க அவரைத் துரத்தியது. மெட்ராஸ் மருத்துவப் பணியில் சேர முயன்றார், கிடைக்கவில்லை. சென்னையில் இருந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளராக வேலைக்குச் சேர்ந்தார்.

இந்தக் காலகட்டத்தில்தான் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்றொரு குடல் நோய். சாப்பிடும் உணவில் இருந்து சத்துகளைக் குடலால் உறிஞ்ச முடியாமல் போகும். தொடர் வயிற்றுப்போக்கு, கடுமையான ரத்தசோகை என்று ஆளை உருக்கிவிடும். சில நாட்கள் இடைவெளியில் சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் இந்த நோய்க்குப் பலியானார்கள். சுப்பாராவையும் அதே நோய் தாக்கியது. ஆயுர்வேத மருத்துவர் லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்துக்கொண்டார்.

கண் முன்னால் சகோதரர்கள் போனபோது யார் கையிலும் மருந்து இல்லை. அந்த மருந்தைத் தேடும் ஆராய்ச்சிக்கு வெளிநாடு போவது என்று சுப்பாராவ் முடிவெடுத்தார். இந்த ஸ்ப்ரூ நோயை மறந்துவிடாதீர்கள். கதையில் மறுபடியும் வரும்.

பாஸ்டனில் இரவு வேலை

மாமனாரின் உதவி, காக்கிநாடாவில் இயங்கிய ஓர் அறக்கட்டளையின் உதவி, இவற்றைச் சேர்த்துக்கொண்டு கப்பல் ஏறினார். 1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கும்போது அவருக்கு வயது 27. இளம் மனைவி ஊரில் இருந்தார். சில வருடங்களில் திரும்பிவிடுவேன் என்ற எண்ணத்தில்தான் கிளம்பினார். ஆனால் அதன் பிறகு அவர் மனைவியைப் பார்க்கவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த ஆண் குழந்தையும் சிறு வயதிலேயே இறந்துவிட்டது. அந்தக் குழந்தையின் முகத்தை அப்பா ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்களுக்கான பள்ளியில் சேர்ந்தார். ஆனால் செலவுக்குப் பணம்? கையில் இருந்தது எல்.எம்.எஸ். சான்றிதழ் என்பதால், மருத்துவராகப் பயிற்சி பெறும் வேலை கிடைக்கவில்லை. பாஸ்டனில் உள்ள பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலக்கலங்களைச் சுத்தம் செய்வது உட்பட எல்லா வேலைகளும் அதில் அடக்கம். இரவெல்லாம் வேலை, பகலில் படிப்பு.

நீல நிறம் சொன்ன ரகசியம்

படிப்பு முடிந்ததும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கே என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே கிடைத்த முதல் பெரிய வேலை, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஒரு வழியைக் கண்டுபிடிப்பது.

கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அன்றைக்கு இருந்த முறைகள் மெதுவானவை. ஃபிஸ்கேயும் சுப்பாராவும் சேர்ந்து ஒரு ரசாயன முறையை உருவாக்கினார்கள். மாதிரியில் பாஸ்பேட் இருந்தால் கரைசல் நீல நிறமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். 1925-ல் வெளியான இந்த முறைக்கு இன்றும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே பெயர். இந்தியாவில் உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களும் இந்தப் பெயரைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பார்கள்.

இதே முறையை தசையில் சோதித்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. நீல நிறம் உடனே வராமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏன் தாமதம்? தசைக்குள் பாஸ்பேட் வேறு ஏதோ ஒன்றுடன் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்லப் பிரிந்து வருகிறது என்பதுதான் காரணம். அந்தக் கூட்டாளியைத் துரத்திப் போனதில் 1927-ல் பாஸ்போகிரியாட்டின் கிடைத்தது. தசை சுருங்கும்போது இது குறைகிறது. ஓய்வெடுக்கும்போது திரும்ப நிரம்புகிறது. அதாவது, தசைக்குள் இருக்கும் அவசரகால சேமிப்பு.

தசைக்குச் சக்தி தருவது லாக்டிக் அமிலம் உருவாகும் வேதிவினைதான் என்று அன்றைய அறிவியல் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. தசை ஆய்வுக்காக ஏ.வி.ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசும் தரப்பட்டிருந்தது. அந்த நம்பிக்கையையே ஆட்டம் காண வைத்தது ஃபிஸ்கே, சுப்பாராவின் கண்டுபிடிப்பு.

அடுத்து 1929-ல் வந்தது இன்னும் பெரியது: அடினோசின் ட்ரைபாஸ்பேட். சுருக்கமாக ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக இதைக் கண்டறிந்தார். அதனால் இந்தக் கண்டுபிடிப்பில் இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு.

சரி, ஏ.டி.பி. என்றால் என்ன?

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் செல்லுக்குள் நேரடியாக வேலை செய்யாது. கையில் தங்கம் இருந்தாலும் பஸ்ஸில் டிக்கெட் வாங்க சில்லறை வேண்டும் இல்லையா? அந்த மாதிரி, உணவில் இருக்கும் சக்தியைச் செல் முதலில் ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாற்றிக்கொள்கிறது. பிறகு தசை சுருங்கவும், நரம்பு செய்தி அனுப்பவும், புதிய செல் உருவாகவும் அந்தச் சில்லறையைத்தான் செலவு செய்கிறது.

இதன் அமைப்பும் எளிது. அடினோசின் என்ற ஒரு மூலக்கூறு, அதன் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள். கடைசி பாஸ்பேட் கழன்றால் சக்தி வெளியாகும். திரும்ப ஒட்டினால் மறுபடியும் சார்ஜ் ஏறும். ஒரே நாளில் நம் உடலில் இப்படி உருவாகி உடையும் ஏ.டி.பி-யின் மொத்த எடை ஏறத்தாழ நம் உடல் எடைக்கே சமம் என்கிறது ஒரு கணக்கு. அடினோசின் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள்.

ஹார்வர்டு தராத இடம்

இவ்வளவு சாதித்த ஒருவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பேராசிரியர் பதவி தந்திருக்க வேண்டும் அல்லவா? தரவில்லை. 1930-ல் பிஎச்.டி. பட்டம் மட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் அங்கேயே உழைத்தார். ஆனால் பதவி உயர்வு வரவே இல்லை.

அதே துறையில் அப்போது ஆய்வு மாணவராக இருந்தவர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். ஏ.டி.பி. ஆய்வுக்குத் தேவையான பியூரின் என்ற பொருட்களை அளக்கும் முறைகளை உருவாக்குவதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. பின்னாளில் 1988-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் இந்த ஹிட்சிங்ஸ். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை, அவரது பங்களிப்பு வெளிச்சத்துக்கு வராததால், பல வருடங்கள் கழித்து மற்றவர்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டி வந்தது என்று ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் பதிவு செய்தார். ஃபிஸ்கேயின் பொறாமையே அதற்குக் காரணம் என்பது அவரது கருத்து.

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு வெளியேறினார். நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, விரைவிலேயே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். அடுத்த எட்டு வருடங்களில் அங்கிருந்து வந்த மருந்துகளின் பட்டியல் யாரையும் மலைக்க வைக்கும்.

பூட்டுக்கு முன்னால் சாவி: ஃபோலிக் ஆசிட்

இந்தக் கதையின் இன்னொரு நுனி பம்பாயில் இருக்கிறது. 1930-ஐ ஒட்டிய வருடங்களில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளிடம், குறிப்பாக ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த பெண்களிடம், ஒருவகை ரத்தசோகையைக் கவனித்தார். ஈஸ்ட்டில் இருந்து தயாராகும் மார்மைட் என்ற மலிவான உணவைக் கொடுத்தபோது அது குணமானது. ஈஸ்ட்டிலும் கல்லீரலிலும் கீரையிலும் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்பது தெரிந்தது. அது எது என்பதுதான் தெரியவில்லை.

அந்தச் சத்துதான் ஃபோலிக் ஆசிட். சுப்பாராவின் குழு 1945-ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகத் தயாரித்துவிட்டது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கு இது நன்றாக வேலை செய்தது. அதே ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் மண்ணில் வாழும் நுண்ணுயிரில் இருந்து ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது அதுதான்.

இன்று வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கான சிகிச்சை என்ன தெரியுமா? ஃபோலிக் ஆசிட், கூடவே டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். சகோதரர்கள் இறந்து சுமார் 25 ஆண்டுகள் கழித்து, அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு மருந்துகளுமே சுப்பாராவ் தலைமையில் இயங்கிய கூடத்தில் இருந்து வெளிவந்தன.

யானைக்கால் நோய்க்கு எதிராக வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரை தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கும். அந்த மருந்து ஹெட்ராசான் என்ற பெயரில் 1947-ல் வந்ததும் இதே குழுவிடம் இருந்துதான்.

எதிரி மருந்து பிறந்த கதை

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தைகள் மருத்துவமனை நோயியல் நிபுணர், ரத்தப் புற்றுநோயால் குழந்தைகள் சில வாரங்களிலேயே இறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோலிக் ஆசிட் வகைப் பொருட்களைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாகப் பரவுவது போல அவருக்குத் தோன்றியது. அப்படியானால், ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தால் நோய் நிற்குமா?

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால் முதலில் டி.என்.ஏ-வை நகல் எடுக்க வேண்டும். அதற்கான செங்கற்களைத் தயாரிக்க ஃபோலிக் ஆசிட் அவசியம். சுப்பாராவின் குழு, பார்ப்பதற்கு ஃபோலிக் ஆசிட் போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாத போலி மூலக்கூறுகளைத் தயாரித்தது. செல் ஏமாந்து போலியைப் பிடித்துக்கொள்ளும். செங்கல் உற்பத்தி நின்றுவிடும்.

அவற்றில் ஒன்றுதான் அமினோப்டெரின். ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. 1948 ஜூன் மாதம் அந்த முடிவு வெளியானது. மருந்து கொடுத்து ரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்பதே அன்றைக்கு நம்ப முடியாத செய்தி. அமினோப்டெரினின் நெருங்கிய சகோதரன்தான் மெத்தோட்ரெக்சேட். அதுவும் லெடர்லியில் பிறந்ததுதான்.

அந்தச் செய்தி வெளியாகி இரண்டே மாதங்கள். 1948 ஆகஸ்ட்டில், 53 வயதில், தூக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். 1946 வரை அமெரிக்கச் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை தர மறுத்தது. சட்டம் மாறிய பிறகும் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகாமலேயே இறந்தார். இந்தியா சுதந்திரம் அடைந்து ஒரு வருடம்கூட நிறைவடையவில்லை. ஊர் திரும்பவும் இல்லை.

இறந்த பிறகு தொடங்கிய இரண்டாவது கதை

புற்றுநோய் மருந்து எப்படி மூட்டுவலிக்கு வந்தது?

1951-ல் ரிச்சர்ட் கப்னர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது சகாக்களும், அமினோப்டெரின் கொடுத்தபோது முடக்குவாத நோயாளிகளின் மூட்டு வீக்கம் குறைவதைக் கண்டார்கள். சொரியாசிஸ் என்ற தோல் நோயின் தடிப்புகளும் மறைந்தன. ஆனால் அப்போது உலகமே கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. இந்தச் சின்ன ஆய்வு யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை.

ஸ்டீராய்டின் பக்கவிளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்த பிறகுதான் மருத்துவர்கள் மாற்று வழி தேடினார்கள். 1970-களின் தொடக்கத்தில் சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் அனுமதி பெற்றது. 1980-களின் நடுவில் முடக்குவாதத்துக்கான முறையான சோதனைகள் வெற்றி பெற்றன. 1988-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. சுப்பாராவ் இறந்து சரியாக 40 ஆண்டுகள் கழித்து!

எதிர்ப்பு சக்திக்கும் செல்லின் சமையலுக்கும் என்ன தொடர்பு?

முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ் போன்றவற்றை ஆட்டோ இம்யூன் நோய்கள் என்கிறோம். கிருமியை அடிக்க வேண்டிய நம் படை, நம் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் எதிரி என்று நினைத்துத் தாக்குவதுதான் இதன் அடிப்படை.

இந்தப் படையின் முக்கியமான வீரர்கள் டி செல்கள். சண்டை இல்லாத நேரத்தில் ஒரு டி செல் சிக்கனமாக வாழும். மைட்டோகாண்ட்ரியா என்ற உள் அடுப்பில், ஆக்சிஜன் துணையோடு குளுக்கோஸை முழுசாக எரிக்கும். அப்படி எரித்தால் ஒரு குளுக்கோஸில் இருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும்.

எதிரி வந்துவிட்டது என்று சிக்னல் கிடைத்ததும் அந்த செல் ஆளே மாறிவிடும். குளுக்கோஸை அள்ளி அள்ளி உள்ளே இழுக்கும். ஆனால் பெரும்பகுதியை அரைகுறையாக மட்டும் உடைக்கும். இந்த வழியில் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைப்பது வெறும் 2 ஏ.டி.பி. புற்றுநோய் செல்கள் இப்படி நடந்துகொள்வதை 1920-களிலேயே ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கவனித்திருந்தார்.

இவ்வளவு வீணாக்குவது ஏன்? சண்டைக்குப் போகும் செல்லுக்குச் சக்தி மட்டும் போதாது. ஒன்று பலவாகப் பெருக வேண்டும். அதற்கு டி.என்.ஏ-வுக்கான செங்கல், செல் சவ்வுக்கான கொழுப்பு, புரதம் எல்லாமே வேண்டும். குளுக்கோஸை வேகமாக உடைக்கும்போது இடையில் கிடைக்கும் துண்டுகள் அந்தக் கட்டுமானத்துக்குப் போகின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம். படைக்குள்ளேயே போலீஸ் மாதிரி ஒரு பிரிவு உண்டு. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று பெயர். சண்டை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது இவர்கள் வேலை. இவர்கள் பெரும்பாலும் கொழுப்பை எரித்து, மைட்டோகாண்ட்ரியாவை நம்பி வாழ்பவர்கள். அழற்சியைத் தூண்டும் டி செல்களோ குளுக்கோஸை நம்புபவர்கள். எலிகளில் நடந்த ஆய்வுகளில், குளுக்கோஸை உடைக்கும் பாதையைத் தடுத்தபோது அழற்சி செல்கள் குறைந்து, போலீஸ் செல்கள் அதிகமாகின. அதாவது, ஓர் இளம் டி செல் கலகக்காரன் ஆகுமா, காவலன் ஆகுமா என்பதில் அது எதை எரிக்கிறது என்பதற்கும் பங்கு இருக்கிறது.

2015-ல் லூபஸ் நோய் உள்ள எலிகளுக்கு, சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மினையும் குளுக்கோஸ் பாதையைத் தடுக்கும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நோயின் அறிகுறிகள் பின்வாங்கின. மனிதர்களுக்கான வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் மாறவில்லை. ஆனால் செல்லின் சமையலை மாற்றி நோயை அடக்கலாம் என்ற பாதை திறந்திருக்கிறது.

உண்மையில் அந்தப் பாதை ஏற்கெனவே திறந்ததுதான்!

யோசித்துப் பார்த்தால், ஆட்டோ இம்யூன் நோய்களுக்கு இன்று தரப்படும் பல மாத்திரைகள் செல்லின் செங்கல் சூளையில்தான் கை வைக்கின்றன. அசதயோப்ரின் மருந்து பியூரின் உற்பத்தியைக் குழப்பும். அதை உருவாக்கியது ஹிட்சிங்ஸும், அவருடன் நோபல் பகிர்ந்த கெர்ட்ரூட் எலியனும் இயங்கிய குழு. லெஃப்ளுனோமைடு, பிரிமிடின் உற்பத்தியைத் தடுக்கும். மைகோஃபினோலேட்டும் பியூரின் பாதையில்தான் வேலை செய்யும்.

மெத்தோட்ரெக்சேட் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். புற்றுநோய்க்கு அதிக அளவில் கொடுக்கும்போது செல் பெருகுவதையே நிறுத்தும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மிகக் குறைந்த அளவில் தரும்போது அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் கூடவே ஃபோலிக் ஆசிட் கொடுத்தாலும் மருந்தின் பலன் பெரிதாகக் குறைவதில்லை, பக்கவிளைவுகள்தான் குறைகின்றன.

பிறகு எப்படி வேலை செய்கிறது? பியூரின் தயாரிப்பில் ஒரு படியை இந்த மருந்து அடைக்கிறது. அடைப்பால் தேங்கும் பொருட்கள், செல்லுக்கு வெளியே அடினோசின் அளவைக் கூட்டுகின்றன. அடினோசின் கூடினால், அழற்சி செல்கள் அடங்குகின்றன. முக்கியமான விளக்கங்களில் ஒன்றாக விஞ்ஞானிகள் இதைத்தான் முன்வைக்கிறார்கள்.

அடினோசின் யார் என்று நினைவிருக்கிறதா? ஏ.டி.பி-யின் முதல் பாதி! 1929-ல் தசைக்குள் சுப்பாராவ் பிடித்த அதே மூலக்கூறின் துண்டுதான், அவருடைய கூடத்தில் பிறந்த மருந்தின் வழியாக இன்று நோயாளியின் மூட்டு வீக்கத்தைக் குறைக்கிறது. இந்தத் தொடர்பு அவர் காலத்தில் யாருக்குமே தெரியாது.

அடினோசினைக் கையாள முடியாவிட்டால்?

இதன் மறுபக்கமும் உண்டு. ஏ.டி.ஏ. என்றொரு நொதி அடினோசினையும் அதன் உறவுப் பொருளையும் உடைத்து அகற்றுகிறது. பிறவியிலேயே இந்த நொதி இல்லாத குழந்தைகளுக்கு உடலில் நச்சுப் பொருட்கள் சேரும். அதில் முதலில் அழிவது வளர்ந்துவரும் நோய் எதிர்ப்பு செல்கள். சாதாரண சளி, காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

1990 செப்டம்பரில் அமெரிக்காவில் நான்கு வயதுச் சிறுமிக்கு, அங்கீகரிக்கப்பட்ட முதல் மரபணு சிகிச்சை தரப்பட்டது இந்தக் குறைபாட்டுக்காகத்தான். ஒரே ஒரு வேதிப் படி தவறினால் மொத்தப் படையே உருவாகாமல் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது

* மூட்டு, தோல் நோய்களுக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒருமுறைதான். தவறுதலாகத் தினமும் போட்டதால் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. எந்தக் கிழமை என்று சீட்டிலும் காலண்டரிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துத் தருபவர்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.
* ஃபோலிக் ஆசிட்டை எந்த நாளில் போடச் சொன்னார்களோ, அந்த நாளில் போட வேண்டும். இரண்டு மாத்திரைகளையும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.
* கர்ப்பிணிகள் இந்த மருந்தை எடுக்கக் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் ஆண்களும் பெண்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும்.
* ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் செய்ய வேண்டும். மது தவிர்ப்பது நல்லது.
* வலி குறைந்துவிட்டது என்று தானாக நிறுத்தவோ, வலி கூடிவிட்டது என்று அளவைக் கூட்டவோ கூடாது.

மிச்சம் என்ன?

சுப்பாராவ் விளம்பரத்தை விரும்பாதவர். மருந்துகள் அறிவிக்கப்பட்டபோது கூட்டத்தில் பின்னால் நின்று, சக ஆய்வாளர்களை முன்னால் அனுப்பியவர். அவர் இறந்த பிறகு 1953-ல் ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரைச் சூட்டினார்கள். 1995-ல், அவர் பிறந்து 100 ஆண்டுகள் ஆனபோது, இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. அவ்வளவுதான். அவர் பெயரைக் கேட்டால் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி இருக்கும் இதே ஊரில்கூட பெரும்பாலானோருக்குத் தெரியாது.

ஆனால் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் மெத்தோட்ரெக்சேட் இருக்கிறது. ஃபோலிக் ஆசிட் இருக்கிறது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி-யும் இருக்கிறது. முழு எம்.பி.பி.எஸ். பட்டம் தரத் தகுதியில்லை என்று முடிவு செய்யப்பட்ட ஒரு மாணவர் விட்டுப்போன சொத்து இது.

இந்த வாரமும் எங்கோ ஒரு வீட்டில், காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் தவித்த ஒருவர், மெத்தோட்ரெக்சேட் புண்ணியத்தில் தானே தட்டில் சோறு பிசைந்து சாப்பிடுவார். அவருக்கு சுப்பாராவைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த முறை அந்தச் சீட்டைப் பார்க்கும்போது, நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கள்.